அவர் குரல் இருந்த கார்டு

“கார்டு முன்னாடியே கெட்டுப்போயிருக்கும்மா” என்று 2018 நவம்பரில் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அது பொய். கார்டு நன்றாகத்தான் இருந்தது. என் கைக்கு வந்த பிறகுதான் கெட்டது. பல வருஷம் இந்தப் பொய்யை உள்ளேயே வைத்திருந்தேன். போன மாதம் அவரிடம் நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லாமல் ஊருக்குச் சொல்லியிருந்தால் அது இரண்டாவது துரோகமாக இருந்திருக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்கும் லாரன்ஸ் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தெருவில் கடை வைத்திருக்கிறேன். 2007இல் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினுமாக ஆரம்பித்த கடை. பத்திரிகை டைப் அடிப்பது, விண்ணப்பம் போடுவது, போட்டோ பிரிண்ட் எடுப்பது என்று எல்லா வேலையும் உண்டு. மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவதும் உண்டு. ஒரு காலத்தில் கடை வாடகையே அதில்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கம். பண்ருட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அந்தக் கால் மணி நேரத்தில் கார்டைக் கொடுத்து நிரப்பிக்கொண்டு போவார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் முழுக்கத் தெரியும் என்று தெருவில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். யார் என்ன கேட்டாலும் “தெரியாது” என்று நான் பதில் சொன்னதாக நினைவில்லை. என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த அம்மா சன்னதித் தெருவில் பூ விற்பவர். கணவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார். “அவருக்கு எழுத வராது, எனக்குப் படிக்க வராது” என்று அந்த அம்மாவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே அவர்களுக்குள் கடிதம் கிடையாது, மெசேஜ் கிடையாது. வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு மட்டும்தான். கணவர் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுவார், விரலை எடுத்தால் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். விஜயவாடா தாண்டியாச்சு, சாப்பிட்டாச்சு, பாப்பாவுக்கு ஜுரம் விட்டுதா, ஈபி பில் கட்டினியா. பூக் கட்டிக்கொண்டே போனைக் காதருகில் வைத்து அந்த அம்மா கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சுக்குப் பின்னால் ஹாரன் சத்தமும் மழைச் சத்தமும் கேட்கும்.

2017இல் அந்தப் போன் நிறைந்துவிட்டது. 8 ஜிபி போன். “எடம் இல்லைன்னு சொல்லுதுண்ணா, அவரு பேசுறது வர மாட்டேங்குது” என்று கொண்டுவந்தார். 32 ஜிபி கார்டு ஒன்றைப் போட்டேன். போட்டதும் போன் ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கார்டைக் கழற்றி மாட்டுகிற கார்டாக வைத்துக்கொள்வதா, போனின் சொந்த இடமாகவே சேர்த்துக்கொள்வதா என்று. சேர்த்துக்கொண்டால் பழைய பதிவுகள் எல்லாம் கார்டுக்குப் போய், போன் காலியாகும். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இனி இந்தக் கார்டு இந்தப் போனில் மட்டும்தான் வேலை செய்யும் என்று கீழே ஒரு எச்சரிக்கையும் வந்தது. அதை நான் படிக்கவில்லை. அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனேன். வேலைக் கூலி 50 ரூபாய் வாங்கினேன். கடை நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அடுத்த வருஷம் கணவர் ஆந்திராவில் சாலை விபத்தில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அந்த அம்மா ஒரு மஞ்சப்பையோடு கடைக்கு வந்தார். போன் கருங்கல் படியில் விழுந்து டிஸ்ப்ளே போய்விட்டது. “போனுக்கு உசுரு இருக்குண்ணா, ரிங் வருது. மொகந்தான் தெரியல” என்றார். நான் போனைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்ப்ளே மாற்றுவது என் வேலை இல்லை. கார்டுதான் இருக்கிறதே, அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று சொன்னேன். “நீங்க போட்டுக் குடுத்த கார்டுதாண்ணா” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. எங்கே வாங்கியது என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

கார்டு ரீடரில் செருகியதும் விண்டோஸ் கேட்டது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா? அந்தக் கேள்விக்கு என் விரல் பத்து வருஷம் பழகியிருந்தது. ஃபார்மட் செய்தாலும் ரெக்கவரி மென்பொருள் போட்டு எடுத்துவிடலாம் என்ற தைரியம் வேறு. இதற்கு முன் பலமுறை எடுத்திருக்கிறேன். அழுத்தினேன்.

ஃபார்மட் முடிந்ததும் கார்டின் அளவு 16 எம்பி என்று காட்டியது. 32 ஜிபி கார்டு 16 எம்பி ஆகிவிட்டது. அங்கேயாவது நின்றிருக்க வேண்டும். கார்டு டூப்ளிகேட் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். விற்றவனே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. கட்டளை அடித்து அந்தக் கார்டில் இருந்த பிரிவுகளைத் துடைத்து, புதிதாக ஒரே பிரிவாக ஆக்கினேன். 29 ஜிபி திரும்பி வந்தது. 32 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் அப்படித்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். ராத்திரி முழுக்க இரண்டு ரெக்கவரி மென்பொருளை மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒரு போட்டோ, ஒரு குரல், ஒன்றுகூட வரவில்லை.

காலையில் அவர் வந்தார். முதல் வரியில் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னேன். “போனையும் வெச்சிக்கிட்டு ஒண்ணும் ஆவாதும்மா” என்று கூடவே சொன்னேன். அவர் அழவில்லை. “சரிண்ணா” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடம் கார்டு போட்டுக் கேட்கிற சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதற்கு ஒத்துவரும்படி அந்தக் கார்டை மறுபடி ஃபார்மட் செய்து, சாமிப் பாட்டும் பழைய சினிமாப் பாட்டுமாக 12 ஜிபி ஏற்றிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பாட்டு இன்றைக்கும் சன்னதித் தெருவில் ஒலிக்கிறது. கடை திறக்கப் போகும்போது ஒருமுறை, மூடிவிட்டு வரும்போது ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பொய் தடுமாறாமல் வந்தது. காரணம், அது ஏற்கெனவே பலமுறை என் வாயிலிருந்து வந்த பொய். 2014இல் ஒருவர் மகளின் கல்யாண வீடியோவை 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். வீடியோ ஒரே ஃபைலாக 6 ஜிபி. பென் டிரைவில் இடம் இருந்தும் ஏறவில்லை. “பென் டிரைவ் சரியில்லை சார்” என்று சொல்லி 32 ஜிபியில் புதிதாக ஒன்றை விற்றேன். அதிலும் ஏறவில்லை. வீடியோவை இரண்டு துண்டாக வெட்டி ஏற்றி, பெரிய வீடியோ என்றால் இப்படித்தான் வரும் என்றேன். அவருடைய பழைய பென் டிரைவில் எந்தப் பழுதும் இல்லை. அதில் இருந்தது ஃபேட்32 என்கிற முறை. 1996இல் விண்டோஸ் 95இன் பிந்தைய பதிப்பு ஒன்றில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஒரு ஃபைலின் அளவை எழுத அந்த முறையில் ஒதுக்கிய கட்டத்தில் 4,294,967,295 வரைக்கும்தான் எண் எழுத முடியும். ஒரு ஃபைல் அத்தனை பைட்டுக்கு மேல் போனால், அதாவது 4 ஜிபியைத் தொட்டால், பதிந்துகொள்ள இடமில்லை. பென் டிரைவ் எத்தனை பெரிதாக இருந்தாலும் இதுதான் கணக்கு. அதே பென் டிரைவை என்டிஎஃப்எஸ் முறைக்கோ எக்ஸ்ஃபேட் முறைக்கோ மாற்றியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. புதுசுக்கு அவர் கொடுத்த பணம் என் அறியாமைக்கு அவர் கட்டிய அபராதம்.

எனக்குப் படிக்கத் தெரியாததை எல்லாம் கெட்டுப்போனது என்று சொல்லியிருக்கிறேன். இயந்திரங்களும் அதே பேச்சைத்தான் பேசுகின்றன. 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் வரும். மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட முறை அது. உரிமம் வாங்கினால்தான் பயன்படுத்தலாம் என்று இருந்ததால், பல மலிவு விலைப் போன்களுக்கு அப்போது அது தெரியாது. அந்தப் போனில் அந்தக் கார்டைப் போட்டால் “கார்டு பழுதடைந்துள்ளது, ஃபார்மட் செய்யவும்” என்று வரும். கார்டில் பழுதே இருக்காது. அதைப் படிக்கத் தெரியாத போன் அப்படிச் சொல்கிறது. 2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையின் விவரங்களை வெளிப்படையாக வைத்தது, அந்த வருஷக் கடைசியிலேயே லினக்ஸுக்குள் அது வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் நன்றாக இயங்கிய எத்தனை கார்டுகளைப் போன் சொன்னதை நம்பி நான் துடைத்திருப்பேன் என்று என்னிடம் கணக்கில்லை. வந்தவர்கள் யாரும் சண்டை போடவில்லை. நான் சொன்னதை நம்பினார்கள்.

உண்மை தெரிந்தது 2020 பிப்ரவரியில். கல்லூரிப் பையன் ஒருவன் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்தான். போனிலிருந்த கார்டைக் கழற்றிக் கொடுத்து, ஃபைல் இதில் இருக்கிறது என்றான். ரீடரில் போட்டேன். அதே கேள்வி, ஃபார்மட் செய்யவா. மவுஸை நகர்த்தினேன். “அண்ணா வேணாம், வேணாம்” என்று என் கையைப் பிடித்துவிட்டான். கார்டைப் பிடுங்கித் தன் போனில் போட்டான். எல்லாம் இருந்தது. “மறந்து கழட்டிட்டேண்ணா. இது போனோட சேத்த கார்டு. வெளிய எடுத்தா எதுக்கும் புரியாது. கேபிள் போட்டு எடுங்க” என்றான். கேபிள் போட்டேன், ஃபைல் வந்தது. பிரிண்ட் கொடுத்தேன். ஒரு சந்தேகத்தில், அவன் அனுமதியோடு கார்டை மறுபடி ரீடரில் போட்டு, எதையும் அழுத்தாமல் அளவை மட்டும் பார்த்தேன். 16 எம்பி.

அவன் போனதும் பழைய நோட்டை எடுத்தேன். 2017ஆம் வருஷப் பக்கத்தில் என் கையெழுத்து: பூக்கார அம்மா, 32 ஜிபி, உள்ளே சேர்த்தது, கூலி 50.

அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. கடை பூட்டிக் கிடந்த அந்த நாட்களில்தான், முதல் நாளே படித்திருக்க வேண்டியதைப் படித்தேன்.

கார்டை நிலம் என்று வைத்துக்கொண்டால், ஃபைல் சிஸ்டம் என்பது பதிவேடு. எந்த சர்வே எண்ணில் யாருடைய பயிர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். விண்டோஸ் தன் பதிவேட்டை ஒரு விதமாக எழுதுகிறது. ஆண்ட்ராய்டு லினக்ஸ் வழியில் வந்தது, அதன் உள் பதிவேடு ஈஎக்ஸ்டி4 என்கிற வேறு முறையில், அல்லது எஃப்2எஃப்எஸ் என்கிற இன்னொரு முறையில் இருக்கும். அந்த உள் பதிவேட்டை விண்டோஸ் தானாகப் படிக்காது. விரைவாக ஃபார்மட் செய்வது பதிவேட்டைக் கிழித்துப்போட்டுப் புதிய வெற்றுப் பதிவேடு வைப்பது. நிலமும் பயிரும் அப்படியே இருக்கும். அதனால்தான் ரெக்கவரி மென்பொருளால் நிலத்தில் நடந்து பயிரை அடையாளம் கண்டு எடுக்க முடிகிறது. புதிய பதிவேட்டை நம்பி யாராவது உழுது வேறு விதைக்கும் வரைதான் அந்த வாய்ப்பு. நான் உழுது விதைத்தேன். 12 ஜிபிக்கு.

கேபிள் போட்டால் மட்டும் எப்படி வருகிறது என்பதையும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். 2011 வாக்கில் வந்த ஆண்ட்ராய்டிலிருந்து, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் போனின் நிலத்தில் நேராகக் கால் வைப்பதில்லை. இந்த ஃபைலைக் கொடு என்று போனைக் கேட்கிறது. போன் தன் பதிவேட்டைத் தானே படித்து எடுத்துக் கொடுக்கிறது. பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கும் ஊராருக்கும் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை மொழி மாற்றிச் சொல்லும் துபாஷியாக நின்றதுபோல, நடுவில் போன் நிற்கிறது. கார்டைக் கழற்றியபோது நான் அந்தத் துபாஷியை வெளியே நிறுத்திவிட்டேன். அந்தத் துபாஷி அன்று மஞ்சப்பையில், என் மேஜை மேல், ரிங் வரும் நிலையில் இருந்தது. டிஸ்ப்ளே மாற்ற ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகியிருக்கும். மாற்றி, கார்டைப் போட்ட இடத்திலேயே போட்டிருந்தால், அவர் குரல் அத்தனையும் இருந்திருக்கும்.

போனோடு சேர்த்த கார்டில் இன்னொரு காப்பும் உண்டு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி இருக்கிறது. சேர்க்கும்போதே போன் கார்டை இரண்டாகப் பிரிக்கிறது. முன்னால் 16 எம்பிக்குச் சின்னத் திண்ணை மாதிரி ஒரு துண்டு, மீதி எல்லாம் பூட்டிய அறை. அந்த அறையில் எழுதுவதை எல்லாம் ரகசியக் குறியாக மாற்றித்தான் எழுதும். சாவி போனுக்குள்ளேயே இருக்கும், கார்டில் இருக்காது. கார்டு திருடு போனாலும் யாரும் படிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ராத்திரி முழுக்க ஓடிய மென்பொருளுக்கு ஒன்றும் தட்டுப்படாததன் காரணம் இதுதான். பயிர் இருந்தது, பயிராகத் தெரியவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குச் சிதம்பரத்துக் கதைதான் நினைவுக்கு வந்தது. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டியிருந்தன. பாடிய மூவரின் கை அடையாளம் கதவில் இருந்தது, அந்த மூவரே வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். அரசன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்று திறக்க வைத்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் மூடியிருந்தது. எண்ணெய் விட்டுப் புற்றைக் கரைத்து, மிஞ்சியதை எடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவரான அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு, எங்கள் ஊர்க் கரையில்தான் ஏறினார் என்பது இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். கரையேறவிட்ட குப்பம் என்று ஊரே இருக்கிறது. அத்தனை பெரிய பொருளோடு என் கடை விஷயத்தை ஒப்பிடக் கூடாது என்று தெரியும். ஆனாலும் திறக்கும் உரிமை உள்ளவர் வரும்வரை கதவை உடைக்காமல் நின்றார்களே, அந்த ஒரு பொறுமை என்னிடம் இல்லை.

திருத்த முடிந்த தப்பு ஒன்றும் அப்போது வெளிப்பட்டது. மஞ்சக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். கோயில் கோயிலாகப் போய் ஓதுவார்கள் பாடுவதைப் பதிவு செய்து சேர்த்து வைத்திருந்தார். தலம், பதிகம், பண், பாடியவர், தேதி என்று முழு விவரத்தையும் ஃபைலின் பெயராகவே தமிழில் எழுதியிருப்பார். அவற்றைக் கேபிள் வழியாக அவர் போனுக்கு மாற்றித் தரச் சொன்னபோது 61 ஃபைல் போக மறுத்தன. “தவிர்” என்பதை அழுத்தி, எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று டிக் போட்டுவிட்டு, முடிந்தது ஐயா என்றேன். பிறகு அவர் வந்து “சில பதிகத்தைக் காணோமேப்பா” என்று கேட்டார். போனில் இடம் போதவில்லை என்றேன். இடம் தாராளமாக இருந்தது.

காரணம் பெயரின் நீளம். விண்டோஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு, தமிழானாலும் ஆங்கிலமானாலும். போனின் உள்ளே கணக்கு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘தி’ என்று எழுதினால் தகரம் ஒரு குறி, இகரக் கொக்கி ஒரு குறி, ஆக 6 பைட். புள்ளி வைத்த மெய்க்கும் அதே 6 பைட். திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். 11 எழுத்து, 22 குறி, 66 பைட். நம் ஊர்ப் பெயரை நான்கு தரம் சேர்த்து எழுதினால் 264. விண்டோஸ் அதை 88 என்று எண்ணி எளிதாக ஏற்கும், போன் ஏற்காது. ஊர்ப் பெயர், கோயில் பெயர், பண் பெயர் எல்லாவற்றையும் மதித்து முழுசாக எழுதிய ஒருவருடைய உழைப்புதான் முதலில் வெளியே தள்ளப்பட்டது. தமிழில் பெயர் வைத்தது அவர் தப்பில்லை. அந்த 61ஐயும் கவனிக்காமல் தள்ளியது என் தப்பு.

ஊரடங்கு தளர்ந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். அசல் பதிவுகள் அவர் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தன. நடந்ததைச் சொல்லி, பெயர்களைச் சுருக்கி, முழு விவரத்தையும் தனியாக ஒரு பட்டியலில் எழுதி வைத்து, 61ஐயும் ஏற்றிக் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். அந்த வாரமே சன்னதித் தெருவுக்கும் போயிருக்கலாம். போகவில்லை. ஆசிரியரிடம் போக முடிந்தது, தப்பைத் திருத்திவிட முடியும் என்பதால்தான். திருத்த முடியாத தப்பைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாத புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பல வருஷம் அந்தக் காரணம் தாங்கியது. போன மாதம் அவருடைய மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட என் கடைக்கு வந்தாள். தகப்பனார் பெயரை அடிக்கும்போது, “அப்பா வாய்ஸ் எனக்கு ஞாபகமே இல்ல அங்கிள்” என்று சாதாரணமாகச் சொன்னாள். அன்று சாயந்தரம் கடையைச் சீக்கிரம் மூடினேன்.

அவர் முல்லை கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் நான் ஏற்றிய பாட்டு. நிறுத்தச் சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து சொன்னேன். கார்டு கெட்டிருக்கவில்லை, நான்தான் அழித்தேன். அந்தக் கார்டைப் போனோடு சேர்த்ததும் நான்தான். அன்று போனைச் சரிசெய்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். தெரியாமல் செய்தேன், தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தேன். பதிவேடு, நிலம், பயிர் என்று மேலே எழுதியதையெல்லாம் அவருக்குப் புரியும்படி சொல்லப் பார்த்தேன். அவர் கை கட்டுவதை நிறுத்தவில்லை. சரம் ஒரு முழம் போயிருக்கும்.

“அந்த போன நீங்க ஆவாதுன்னு சொன்னீங்கண்ணா. பழைய போனுக்குக் கொடம் குடுக்கிறவன் வந்தான். போட்டுட்டேன்” என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு எத்தனையாவது அடி என்று எண்ணத் தோன்றவில்லை. சாவி அந்தப் போனுக்குள் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரிலிருந்து கார்டை நகத்தால் தள்ளி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“பயிரு அடியிலயே இருக்கும்னு சொன்னீங்களே. நீங்க ஏத்துன பாட்ட அழிச்சிட்டா, அடியில அவரு இருப்பாராண்ணா?”

பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். பாட்டு ஏறிய இடத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஆனால் நான் ஏற்றியது 12 ஜிபி, கார்டு 29. மீதி இடத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. “கொஞ்சம் இருக்கலாம்மா. ஆனா பூட்டிக் கெடக்கும். தொறக்கிற சாவி அந்த போன்லதான் இருந்திச்சு. அது இல்லாம யாராலயும் தொறக்க முடியாது” என்றேன்.

“ஆனா இருக்கும்?”

“இருக்கலாம்மா.”

“அப்ப இனிமே இதுல எதையும் ஏத்தாதீங்க” என்றார். கார்டை ஒரு துண்டு வாழையிலையில் மடித்து, நூலால் சுற்றி, சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.